போன் நிறைந்துவிட்டதா? புதுசு வாங்காதே

அன்புள்ள நண்பா,

நலம். உன் வீட்டிலும் எல்லோரும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி மனதுக்கு நிறைவாக இருந்தது. என் வாழ்த்தைச் சொல்லிவிடு.

'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் தினமும் காட்டுகிறது, வேறு வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். உன் போனில் இருக்கும் 64 ஜிபி இடம் உன் உபயோகத்துக்குத் தாராளம். ஆண்ட்ராய்டும் கூடவே வந்த ஆப்களும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், அதில் நாம் கை வைக்க முடியாது. மீதியை அடைத்திருப்பது பெரும்பாலும் இறக்கிவிட்டு மறந்துபோன கோப்புகள்தான். கடையில் கொடுத்து ரீசெட் போடவும், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் போல ஆக்கவும், சம்மதிக்காதே. பேக்கப் சரியாக இல்லையென்றால் வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும் போய்விடும்.

அழிக்கும்போது பழசா புதுசா என்று பார்க்காதே. மறுபடி கிடைக்குமா என்று மட்டும் பார். பேங்க் ஸ்டேட்மென்ட், ரயில் டிக்கெட், இ-ஆதார் எல்லாம் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அதுவும் இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான். அது டவுன்லோட் ஃபோல்டரில் கிடப்பது ஆபத்து, முதலில் அதை அழி. யாரோ அனுப்பிய குழந்தையின் போட்டோ அப்படியல்ல, போனால் போனதுதான்.

'பைல்ஸ்' ஆப்பைத் திற. டவுன்லோட்ஸ் உள்ளே போய், வரிசைப்படுத்தும் இடத்தில் 'பெரியது முதலில்' என்று வை. தேதி வரிசையில் பார்த்தால் சின்னச் சின்ன பிடிஎஃப்களை அழித்தே அலுத்துப்போவாய், பத்து எம்பி கூடக் குறையாது. ஏபிகே கோப்பு (ஆப்பை நிறுவ இறக்கும் கோப்பு) இருந்தால் யோசிக்காமல் அழி, ஆப்பை இன்ஸ்டால் செய்தபின் அதற்கு வேலையில்லை. பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கி வைத்த ஜிப்பைப் பிரித்திருந்தால் ஜிப்பும் பிரித்ததும் இரண்டுமே இடம் பிடிக்கும், ஜிப்பை எடுத்துவிடு. பெயர் முடிவில் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று எண் போட்டவை, ஒரே கோப்பை நீ திரும்பத் திரும்ப இறக்கியவை. திறந்து பார்த்து ஒன்றை மட்டும் வை.

இத்தனை அழித்தும் இடம் கூடவில்லையே என்று தோன்றும். அழித்தது 'டிராஷ்' பகுதிக்குப் போய் 30 நாள் அங்கேயே இருக்கும், அதுவரை இடத்தையும் விடாது. டிராஷையும் காலி செய்தால்தான் எண் மாறும். காலி செய்தபின் மீட்க வழியில்லை, அதனால் ஒருமுறை கண்ணோட்டம் விட்டுக்கொள்.

அடுத்தது வாட்ஸ்அப். பெரிய குவியல் இங்கேதான். செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போ. 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை இரண்டும் மேலே தனித்தனியாக இருக்கும். அதற்குக் கீழே எந்தக் குழு எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். காலை வணக்க வீடியோக்கள் வரும் குழுவிலிருந்து ஆரம்பி. ஒரே கோப்பு இரண்டு குழுவில் வந்திருந்தால் எல்லாப் பிரதிகளையும் சேர்த்து அழித்தால்தான் இடம் கிடைக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பிரவுசரில் இறக்கிய பிடிஎஃப்பை நீ வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பினால், 'வாட்ஸ்அப் டாகுமென்ட்ஸ்' ஃபோல்டருக்குள் 'சென்ட்' என்ற இடத்தில் இன்னொரு பிரதி உட்கார்ந்துகொள்ளும். டவுன்லோட்ஸில் அழித்தாலும் அது போகாது. கேலரியிலிருந்து அனுப்பும் வீடியோவுக்கும் இதே கதைதான். இன்டர்னல் ஸ்டோரேஜில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப் என்று உள்ளே போனால் இந்த ஃபோல்டர்களைப் பார்க்கலாம். 'டேட்டாபேஸஸ்' என்று இருப்பதை மட்டும் தொடாதே, உன் உரையாடல்களின் பேக்கப் அது.

போட்டோவில்தான் பலர் மோசம் போகிறார்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்பில் அழித்தால் போனிலிருந்தும் போகும், கணக்கிலிருந்தும் போகும். போனில் மட்டும் குறைக்க 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக உண்டு, அதைத்தான் அழுத்த வேண்டும். அதற்குமுன் இன்னொன்றும் பார். பேக்கப் வழக்கமாக கேமரா படங்களுக்கு மட்டும்தான் நடக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் ஃபோல்டரை நீயாகப் போய் ஆன் செய்யாவிட்டால் அவை எங்கும் ஏறியிருக்காது. எல்லாம் ஏறிவிட்டது என்று நம்பி வாட்ஸ்அப் படங்களை அள்ளி அழித்தால் மகளின் கல்யாணப் படங்களே போய்விடும். கணக்கில் இலவசம் மொத்தமே 15 ஜிபிதான், ஜிமெயிலும் அதில் சேர்த்தி. அதனால் முக்கியமானவற்றைக் கம்ப்யூட்டருக்கும் மாற்றிவிடு. கேபிளைச் செருகியதும் போனில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று தேர்ந்தெடு, இல்லாவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும். கட் செய்யாதே, காப்பி செய். நடுவில் கேபிள் ஆடினால் கட் செய்தது பாதியில் கெட்டுப்போகலாம். நாலைந்து படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தபின் போனில் அழி.

ஆப்களில் 'கிளியர் கேச்' பாதகமில்லை, ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைத்ததை மட்டும்தான் அது அழிக்கும். பக்கத்தில் இருக்கும் 'கிளியர் டேட்டா' வேறு, அதை அழுத்தினால் லாகினும் அமைப்புகளும் போய்விடும். பிளே ஸ்டோரில் கிடைக்கும் கிளீனர் ஆப் எதையும் போடாதே. போனிலேயே இருக்கும் வசதியைத்தான் அவை விளம்பரத்தோடு காட்டுகின்றன, உன் கோப்புகள் அத்தனைக்கும் அனுமதியும் கேட்கும்.

ஐந்தாறு ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். போனின் மெமரியில் பழையதன் மேலேயே புதிதை எழுத முடியாது. காலி இடம் குறைந்தால் உள்ளதை நகர்த்தி, அழித்து, பிறகுதான் எழுதும். உன் போன் திணறுவது அதனால்தான்.

மறுபடி நிறையாமல் இருக்க, வாட்ஸ்அப்பில் அதே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கத்தில் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' இருக்கிறது. மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோ, டாகுமென்ட் டிக்கை எடுத்துவிடு. ஆனால் வேண்டிய வீடியோவைத் தள்ளிப்போடாமல் இறக்கிவிடு. இறக்காதவை 30 நாளுக்குமேல் அவர்கள் சர்வரில் இருக்காது, பிறகு அனுப்பியவரைத்தான் திரும்பக் கேட்க வேண்டும்.

தங்கச்சியின் ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ் என்று போகச் சொல். சஃபாரியில் இறக்கியவை ஃபைல்ஸ் ஆப்பின் டவுன்லோட்ஸில் இருக்கும். அது ஐகிளவுட் டிரைவுக்குள் இருந்தால், அங்கே அழிப்பது அதே கணக்கில் உள்ள ஐபேடிலிருந்தும் போய்விடும். அழிக்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்