பளபளக்கும் பொருட்களுக்கென்று விற்ற விளக்குப் பெட்டி: பணத்தைத் திருப்பித் தரக் கோரி ஒரு புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
சிம்மக்கல், மதுரை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: விளம்பரத்தில் சொன்னபடி வேலை செய்யாத எல்.இ.டி. படப்பிடிப்புப் பெட்டி, ரூ.14,800.

ஐயா / அம்மா,

சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையில் ஸ்டுடியோ வைத்து, 11 ஆண்டுகளாகக் கடைகளுக்குப் பொருட்களைப் படம் எடுத்துக் கொடுத்து வருகிறேன். சுங்குடிச் சேலையோ மரச்சாமானோ வந்தால் எனக்குக் கவலையில்லை. பாத்திரமும் நகையும் வந்தால் ராத்தூக்கம் போய்விடும். அதனால்தான், "முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் பொருளிலும் பிரதிபலிப்பே வராது" என்ற தங்கள் விளம்பரத்தைப் பார்த்ததும் பங்குனிக் கடைசியில் தங்கள் இணையதளத்திலேயே பணம் கட்டி வாங்கினேன். பொருளை உள்ளே வைத்துப் படம் எடுக்கும் பெட்டி, அதற்குள் இரண்டு வரிசை எல்.இ.டி., மேலே மூடும் வெள்ளைத் துணி, லென்ஸில் மாட்ட ஒரு போலரைசர் ஃபில்டர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி), எல்லாம் சேர்த்து ஒரே செட்.

தெற்காவணி மூல வீதியில் வெள்ளி, பித்தளை வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் அட்சய திருதியைக்காக 42 பொருட்களைக் கொடுத்திருந்தார். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, வெள்ளிச் சொம்பு, குங்குமச் சிமிழ். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்குள் படங்கள் வேண்டும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார். அவர் கடைப் பெண்கள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பித்தளையைப் புளி போட்டும் வெள்ளியை விபூதி போட்டும் தேய்த்துக் கொடுத்தார்கள்.

முதல் படமே குத்துவிளக்கு. கடைந்த பித்தளையில் வரும் ஒவ்வொரு வளையத்திலும் எல்.இ.டி. புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. துணியை இரண்டாக மடித்துப் போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் கொஞ்சம் பெருத்ததே தவிரப் போகவில்லை. படத்தைப் பார்த்த அண்ணாச்சி, "என்னப்பா, விளக்குக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். தங்கள் தயாரிப்புப் பிரிவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். பளபளக்கும் உலோகத்தைப் படம் எடுக்கும்போது கேமரா பார்ப்பது, அந்த உலோகம் எதைப் பார்க்கிறதோ அதைத்தான். தட்டு போன்ற தட்டையான பொருள் என்றால் அறையில் ஏதோ ஒரு பகுதியை மட்டும் காட்டும், அந்த இடத்தைச் சரிசெய்தால் போதும். சொம்பின் வயிறு அப்படியில்லை. அது ஒரு குவியாடி. மின்விசிறி, டியூப் லைட், ட்ரைபாட், நான் போட்டிருக்கும் சட்டை என்று அறை முழுவதையும் தனக்குள் சுருக்கி வைத்துக்கொள்ளும். அதனால் பொருள் பார்க்கும் திசையெல்லாம் பெரிதாக, சீராக ஒளிரும் ஒரு பரப்பு இருக்க வேண்டும். துணி அந்தப் பரப்பாக மாற வேண்டுமானால் விளக்குக்கும் துணிக்கும் நடுவே தூரம் வேண்டும். தங்கள் பெட்டியில் எல்.இ.டி. பட்டைக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரற்கடை கூட இல்லை. ஒளி பரவ இடமே இல்லாதபோது புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

இன்னொன்று. பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் வெள்ளை. வெள்ளிச் சொம்பைச் சுற்றிலும் வெள்ளை மட்டும் இருந்தால் அது வெள்ளியாகத் தெரியாது, சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கும். ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தால்தான் உருவம் எழும்பும். அதற்காகப் பக்கவாட்டில் கறுப்பு அட்டை செருகத் தங்கள் பெட்டியில் ஒரு வழியும் இல்லை. பளபளப்பான பொருட்களுக்கென்றே செய்த பெட்டியில் இதை எப்படி விட்டீர்கள்?

அப்புறம் ஃபில்டர். இதைத்தான் நான் மிகவும் வருத்தத்தோடு எழுதுகிறேன். "மாட்டித் திருப்பினால் போதும், பளபளப்பு போய்விடும்" என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்கள். கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் அடித்த மரம் இவற்றில் சில கோணங்களில் இது உண்மை. கண்ணாடியில், அதன் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 56 டிகிரி அளவில் நன்றாக வேலை செய்யும். வெறும் உலோகத்தில் எந்தக் கோணத்திலும் அப்படி நடக்காது. நான் ஃபில்டரை முழுச் சுற்று சுற்றியும் சொம்பில் அப்படியே எல்லாம் தெரிந்தது. விளக்குக்கு முன்னாலும் போலரைசர் தாள் வைத்து, லென்ஸில் இருப்பதை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் மட்டுமே உலோகப் பிரதிபலிப்பு அடங்கும். அந்தத் தாள் தங்கள் செட்டில் இல்லை. இருந்து, பிரதிபலிப்பை முழுக்க எடுத்துவிட்டாலும் வெள்ளியில் கருமைதான் மிஞ்சும். காசு கொடுத்து வெள்ளி வாங்குகிறவர் பார்க்க விரும்புவதே அந்தப் பளபளப்பை அல்லவா?

நிறமும் சரியில்லை. சாம்பல் அட்டை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுத்தும் (அதாவது, விளக்கின் நிறத்துக்கு ஏற்பக் கேமராவைச் சரிசெய்தும்), புளி போட்டுத் தேய்த்த பித்தளை களிம்பு ஏறியது போலப் பச்சையாக வந்தது. பெட்டியில் சி.ஆர்.ஐ. 95 என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குத் தரும் மதிப்பெண் அது. அந்த எண் 8 வெளிறிய நிறங்களுக்குக் கிடைத்த மதிப்பெண்களின் சராசரி. அடர் சிவப்பை அது கணக்கில் எடுப்பதில்லை, அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. பித்தளைக்கும் பொன்னுக்கும் சிவப்புதான் உயிர். ஆர்9 எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேட்டேன். பதில் இல்லை. ஒளியைக் குறைத்து வைத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுவதையும் அதே மின்னஞ்சலில் எழுதியிருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் அன்று இரவே ஒரு மரச்சட்டத்தில் எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டி, நாலடி தள்ளி ஒரே ஒரு ஃபிளாஷை வைத்தேன். இரண்டு பக்கமும் கறுப்பு சார்ட் பேப்பர். கேமராவும் லென்ஸும் சொம்பும் முன்பு வைத்தவைதான். புள்ளி இல்லை, பச்சை இல்லை, வயிற்றில் ஒரு வெளிச்சம் மெதுவாக மங்கி ஓரத்துக்குப் போகிறது. மூன்று இரவு உட்கார்ந்து 42 பொருட்களையும் முடித்துக் கொடுத்தேன். இரண்டு வகைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்திருக்கிறேன். குறை கேமராவில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பெட்டி வந்த ஐந்தாம் நாளே திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்டேன். "சார், சீலைப் பிரிச்சிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது. ஆங்கிள் மாத்திப் பாருங்க" என்று தொலைபேசியில் சொன்னார்கள். பிரிக்காமல் விளக்கு எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதன்பிறகு அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கும், பெற்றுக்கொண்டோம் என்ற ஒரு வரிகூட வரவில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததைக் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அந்த ஒரு மாதம் கடந்துவிட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான். ரூ.14,800-ஐ முழுதாகத் திருப்பித் தாருங்கள், பெட்டியைத் தங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். உலோகப் பொருட்களில் பிரதிபலிப்பே வராது என்ற வரியையும், ஃபில்டர் பற்றிய வரியையும் இணையதளத்திலிருந்தும் பெட்டியிலிருந்தும் நீக்குங்கள். இரண்டாவதை நான் பணத்துக்குச் சமமாகவே கேட்கிறேன். நான் தொழில்காரன், வேட்டியைக் கட்டியாவது சமாளித்தேன். வீட்டில் இருந்தபடி கவரிங் நகை விற்கும் ஒரு பெண் இதை வாங்கினால், தனக்குத்தான் படம் எடுக்கத் தெரியவில்லை என்று நினைத்துப் பெட்டியைப் பரணில் போட்டுவிடுவார்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், நான் குடியிருக்கும் ஊர் என்ற முறையில் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், தவறான விளம்பரம் என்றும் சேர்த்து மனு கொடுப்பேன். அதற்கான தாள்களை எழுதி வைத்துவிட்டேன்.

பெட்டி, துணி, ஃபில்டர், பில் எல்லாம் வந்த அட்டைப்பெட்டியிலேயே பத்திரமாக இருக்கின்றன. கூரியர் ஆளைக் காலை 10 மணிக்கு மேல் அனுப்பினால் கையோடு கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.

இணைப்பு: பில் நகல், பெட்டியின் மேல் அச்சிட்ட வாசகங்களின் படம், ஒப்பீட்டுப் படங்கள் 6, மின்னஞ்சல் நகல்கள் 3.