உவமையைப் பட்டினி போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுகதை எழுதப் பழகுகிறவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் முதல் பத்துக் கதைகளுக்கு உவமையே வேண்டாம் என்று நடுவில் ஒரு யோசனை சொல்லியிருந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள். நாற்பது வயதுக்கு மேல் கதை எழுத ஆரம்பித்தேன். முதல் கதையில் நிலா போன்ற முகம், பஞ்சு போன்ற மேகம், அனலில் இட்ட மெழுகு போன்ற மனம் எல்லாம் இருந்தன. கதை திரும்பி வந்தது. வரவேண்டியதுதான். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால், பள்ளிக்கூட வினாத்தாளிலிருந்து. ‘இலைமறை காய் போல’ என்பதை வாக்கியத்தில் அமைத்து எழுதினால் மதிப்பெண். மலர்முகம் உவமைத்தொகை, முகமலர் உருவகம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். சொந்தமாக ஒன்று செய்து காட்டு என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஆகவே கட்டுரையாளரின் பயம் நியாயம்தான். அஜீரணத்துக்கு ஒருவேளை பட்டினி போடலாம். பத்து வேளை போட்டால்?

எனக்குக் கைகொடுத்தது தொல்காப்பியத்தின் உவமவியல். அதிலும் முதல் நூற்பாதான். (மீதியை இன்னும் முழுதாகப் படித்தபாடில்லை.) வினை, பயன், மெய், உரு என்று நான்கு வழியில் உவமை தோன்றும் என்கிறது. அதாவது செயல், பயன், வடிவம், நிறம். இதை வைத்துக்கொண்டு என் கதையைத் திரும்பப் பார்த்தேன். மொத்தம் பதினோரு உவமை. அந்த இரவல் மெழுகைத் தவிர எல்லாமே வடிவமும் நிறமும். எது என்ன செய்கிறது என்று நானாக ஓரிடத்தில்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் தினமும் கடந்து போகிற தொட்டியைக் கவனித்தேன். மரவள்ளியை, எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம், தோல் சீவி அரைத்துப் பால் எடுத்துத் தொட்டியில் விடுவார்கள். விடும்போது வெறும் வெள்ளைத் தண்ணீர். மணிக்கணக்கில் அசைக்காமல் விட்டால் மாவு மெல்ல அடியில் இறங்கும், மேலே தண்ணீர் தெளியும். தண்ணீரை வடித்துவிட்டுப் பார்த்தால் அடியில் இருப்பதை வெட்டித்தான் எடுக்க வேண்டும், அவ்வளவு கெட்டி. பழைய நானாக இருந்தால் வெள்ளையைப் பிடித்துக்கொண்டு நிலா என்று எழுதியிருப்பேன். இந்த முறை இப்படி எழுதினேன்: மாமியார் காலையில் சொன்ன ஒரு சொல் பகலெல்லாம் வேலையோடு வேலையாகக் கலங்கிக் கிடந்தது, ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு தொட்டி மாவு மாதிரி அடியில் இறுகிவிட்டது. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு பழைய பதினொன்றையும் அடித்துவிட்டேன். கதை இன்னும் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை, அது வேறு விஷயம்.

உவமை உயர்ந்த பொருளாக இருக்க வேண்டும் என்றும் உவமவியலில் இருக்கிறது. புளித்த வாடை அடிக்கும் தொட்டியை உயர்ந்தது என்று புலவர்கள் ஒப்புக்கொள்வார்களா? ஒப்புக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் காதலர் நெஞ்சங்கள் செம்மண்ணில் பெய்த மழைநீர் போலக் கலக்கும்; அந்தச் செம்மண்ணை எல்லாரும் எடுத்தாண்டு வெளுக்க வைத்துவிட்டார்கள் (அதிலும் விஷயம் சிவப்பில் இல்லை, கலப்பதில் இருக்கிறது). அடுத்த பாட்டைப் பாருங்கள், 41. காதலர் பக்கத்தில் இல்லாதபோது ஒருத்தி தன்னை, ஆட்கள் விட்டுப்போன ஊரில் அணில் விளையாடும் முற்றத்தோடு கிடக்கும் வீட்டுக்கு ஒப்பிடுகிறாள். அணில் என்ன அவ்வளவு பெரிய பொருளா? ஆனால் அது பயமில்லாமல் முற்றத்தில் இறங்கி ஆடுகிறது என்றால் வீடு எத்தனை நாளாகப் பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பாடியவருக்கு அணிலாடு முன்றிலார் என்றே பெயர் நின்றுவிட்டது. உவமை வேண்டாம் என்று யாராவது தடுத்திருந்தால் நமக்கு அந்தப் பெயர்கூடக் கிடைத்திருக்காது.

உருவகத்தை நான் படித்தது எங்கள் ஆலையில் மூட்டை தூக்கும் ஒருவரிடம். கிழங்கு புரோக்கர் ஒருவரைப் பற்றிச் சொன்னார்: “அவரு பேச்சு பூரா திப்பிங்க. பிழிஞ்சாலும் ஒண்ணும் வராது.” திப்பி என்பது பால் எடுத்த பின் மிஞ்சும் சக்கை, மாட்டுத் தீவனத்துக்குப் போகும். போல இல்லை, மாதிரி இல்லை, நேராகவே திப்பி. இதைக் கதையில் வைக்க ஆசைப்பட்டு, ‘அவர் பேசிய திப்பி காற்றில் பறந்தது’ என்று எழுதித் தொலைத்தேன். ஈரத் திப்பி எங்கே பறக்கும்? அவர் ‘பிழிஞ்சாலும்’ என்றாரே, அந்த வினைச்சொல்லும் ஆலையிலிருந்தே வந்தது. அதைத்தான் நான் கோட்டைவிட்டேன்.

உவமையே இல்லாமல் எழுது என்றாலும் அது நடக்கிற காரியமா? ஏற்காட்டுக்குப் போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவு என்கிறோம். கொண்டையும் ஊசியும் இப்போது யார் கண்ணில் படுகின்றன?

ஏற்காடு என்றதும் என் அக்கா பெண் ஞாபகம் வருகிறது. அங்கே ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கட்டுரையில் மூடுபனியைப் ‘பஞ்சுப் பொதி போல’ என்று எழுதியிருந்தாள். சரி, பனி என்ன பண்ணும் சொல்லு என்றேன். “கைமாத்து வாங்குற மாதிரி சித்தி. முதல்ல சில்வர் ஓக் மரத்தை வாங்கிக்கும், அப்புறம் பக்கத்து வீடு, அப்புறம் எங்க வேலி. வெயில் வந்ததும் ஒவ்வொண்ணா திருப்பிக் குடுத்துடும்.” இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், சிவப்பு மையில் கோடு போட்டுவிடுவார்களாம்.

கட்டுரை அடுத்த இதழிலும் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் வாசகர்களுக்கு ஒரு பயிற்சி வைக்கலாமே? தினமும் கையில் படுகிற ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் நிறத்தையும் வடிவத்தையும் தொடக் கூடாது. அது என்ன செய்கிறது என்பதை மட்டும் வைத்து ஓர் ஆளைச் சொல்ல வேண்டும். வருகிறவற்றில் நாலைந்தை அச்சில் போடுங்கள். ஏற்காட்டிலிருந்து ஒன்று வரும், அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜவ்வரிசி ஆலைக் கணக்கர் ஒருவர்,
சேலம்.