பருவ முடிவுக் கடிதம்: சில மகிழ்ச்சிகள், கொஞ்சம் தொட்டி மண்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிகிறது. விளையாட்டு விழாவில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். கட்டுரை, பேச்சுப் போட்டிகளில் பரிசுகள் வந்திருக்கின்றன. நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வாங்கியிருக்கிறோம். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

சரி, இப்போது வீட்டுத்தோட்டத் திட்டத்துக்கு வருகிறேன்.

ஆளுக்கொரு தொட்டியில் அவரை விதைத்து, பள்ளியில் வளர்த்து, விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துப்போவது என்பது ஏற்பாடு. மண்கலவையை மட்டும் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தோம். பெரும்பாலோர் அக்கறையாகத்தான் அனுப்பினீர்கள். சில பைகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு பையைப் பிரித்ததும் கடைசி பெஞ்சு வரை மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளே கைவிட்ட மாணவி, "மண்ணு சுடுது மிஸ்" என்றாள். வைக்கோல் வைக்கோலாகவே கிடந்தது, சாணம் சாணமாகவே இருந்தது. உரம் மக்கும்போது குவியலுக்குள் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும்; களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அதில்தான் சாகின்றன. ஆனால் அந்த வேலை எல்லாம் பைக்குள் வருவதற்கு முன்பே முடிந்து ஆறியிருக்க வேண்டும். மூக்கில் ஏறும் அந்த அம்மோனியா இளம் வேரைக் கருக்கிவிடும். நன்றாக மக்கிய உரத்தில் மழை பெய்து விட்ட மண்ணின் வாசனைதான் வரும்.

இன்னொரு பையில் முக்கால்வாசி மரத்தூள். அதைச் சிதைக்க நுண்ணுயிர்கள் கலவையிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும்; செடிக்கு மிஞ்சாது, இலை மஞ்சளாகிவிடும். அப்புறம், வாசலில் வெட்டிய களிமண். தரையில் அருமையாக விளையும் மண்கூடத் தொட்டியில் இறுகிப்போகும். ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கும். அடியில் ஜல்லி போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறீர்கள். ஆகாது. ஜல்லிக்கு மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் கீழே இறங்கும், ஆகவே ஈரம் வேருக்கு இன்னும் கிட்டே வந்து நிற்கும். கலவையே பொலபொலவென்று இருந்தால் ஜல்லி வேண்டாம்.

வாங்கும்போது கிலோவைப் பார்க்காதீர்கள், லிட்டரைப் பாருங்கள். எடையில் பாதி தண்ணீராகவோ மணலாகவோ இருக்கக்கூடும். 30 செ.மீ. அகலமும் அதே ஆழமும் உள்ள வட்டத் தொட்டிக்கு ஏறக்குறைய 21 லிட்டர் கலவை போதும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் வேண்டாம். தேங்காய் நார்க்கழிவுக் கட்டி வாங்கினால், ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியுங்கள். அலசாததில் உப்பு நிறைய இருக்கலாம், விதை முளைக்கத் திணறும். மண்புழு உரம் நல்லதுதான். அதற்காகத் தொட்டி முழுக்க அதையே கொட்ட வேண்டாம், கால் பங்கு போதும்.

சந்தேகமிருந்தால் ஈரமான கலவையில் கொஞ்சம் ஒரு பாலித்தீன் உறையில் போட்டு இறுக மூடி, மூன்று நாள் கழித்துத் திறந்து மோந்து பாருங்கள். புளித்த நெடியோ அம்மோனியா நெடியோ வந்தால் அது இன்னும் மக்கி முடியவில்லை. கீழே கொட்ட வேண்டியதில்லை. நிழலில் குவித்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சில வாரங்களில் சரியாகும்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கட்டட வேலையில் மிஞ்சிய மணலை ஒருவர் அனுப்பியிருந்தார். அதில் சிமெண்ட் கட்டிகளோடு கண்ணாடிச் சில்லும் கிடந்தது. பிள்ளைகள் வெறும் கையால் கிளறும் மண் இது. இனி இப்படி வரும் பைகள் அப்படியே திரும்பி வரும். மூடிய அறையில் பையை உதறிக் கொட்டுவதும் கூடாது. மண்கலவைத் தூசியில் லெஜியோனெல்லா வகை பாக்டீரியா இருக்கலாம். மூச்சில் போனால் நிமோனியா வரக்கூடும். அபூர்வம்தான், ஆனால் ஆஸ்திரேலியாவில் பையின் மேலேயே இதற்கு எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். வெளியே வைத்துப் பிரித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "எங்கள் பிள்ளையின் செடி மட்டும் ஏன் வாடியது, டீச்சர் தண்ணீர் ஊற்றவில்லையா?" என்று வாசலில் நின்று கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அவர் ஊற்றினார். அதே குழாய், அதே வெயில்; பக்கத்துத் தொட்டியில் அவரை கொம்பைச் சுற்றி ஏறிக்கொண்டிருக்கிறது. கேள்வி இருந்தால் என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

வேலைக்கு நடுவே பை தூக்கி வந்து, சில நாள் செடிகளுக்குத் தண்ணீரும் ஊற்றிப்போன பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. தங்கள் கலவையில் மிஞ்சியதை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களுக்கும்தான். வாடிய தொட்டிகளில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் மறுபடி விதைப்போம். அதற்குள் கலவை கிடைக்காதவர்கள் வகுப்பாசிரியரிடம் சொன்னால் போதும், இங்கேயே ஏற்பாடு செய்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: தொட்டியை எடுத்துப்போக வரும்போது அடியில் வைக்க ஒரு தட்டு கொண்டுவாருங்கள். காலையில்தான் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், வண்டியில் ஒழுகும்.