ஐஸ் படலாமா என்று கேட்ட அண்ணனுக்கு

பாம்பன் பக்கத்து ஐஸ் கம்பெனியில் பார் உடைக்கிற அண்ணனுக்கும், கரண்ட் இல்லாத அந்த நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி வட்டாரத்தில் இன்சுலின் போடுகிறவர்களும், இன்சுலின் போடும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் சேர்ந்து எழுதுவது.

மழை எவ்வளவு, காற்று எவ்வளவு, எந்தத் தெருவில் கம்பம் சாய்ந்தது என்றெல்லாம் இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுத் தரையே இன்னும் காயவில்லை. கரண்ட் வந்த கையோடு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டோம். ஆறப்போட்டால் ஆறியே போகும்.

அண்ணே, நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலின் குப்பிகளைப் பையில் கட்டிக்கொண்டு வந்து, "ஐஸுக்குள்ள புதைச்சுக் குடுங்கண்ணே" என்று நின்றவர்களிடம், கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: "இது ஐஸ் படலாமா, படக் கூடாதா? பாறை மீனுன்னா அப்படியே புதைச்சிரலாம். கணவாய்க்கு நேரா பட்டா தோல் வெளுத்து விலை போகாது, தாள் விரிச்சுத்தான் வைப்போம். இது எந்த ரகம்?"

இன்சுலின் கணவாய் ரகம்தான் அண்ணே. அதைவிட மோசம் என்றும் சொல்லலாம். கணவாய்க்கு நிறம் போனாலும் குழம்பு வைக்கலாம். ஒரு தடவை உறைந்த இன்சுலினை எதற்கும் பயன்படுத்த முடியாது. அது புரத மருந்து. உறைந்தால் அதன் கட்டு குலைந்துவிடும், மறுபடி இளகினாலும் பழைய நிலைக்கு வராது. பால் போல் வெள்ளையாக இருக்கும் ரகத்தில் சின்னக் கட்டிகள் மிதக்கும், அல்லது கண்ணாடியின் உட்பக்கம் பனி படிந்தது போல வெள்ளை ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்தாவது தூக்கி எறியலாம். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் ரகத்தில் ஒரு மாற்றமும் தெரியாமலே போகலாம். போட்டுக்கொண்ட பிறகு சர்க்கரை இறங்காமல் நிற்கும்போதுதான் தெரியும். இந்த ஊரில் எல்லாருக்கும் வெக்கையைப் பார்த்துத்தான் பயம். குளிரும் கெடுக்கும் என்று நினைக்கிறவர்கள் குறைவு. உங்கள் கேள்வி வந்திராவிட்டால், பலருடைய ரெண்டு மூணு மாத இருப்பு அன்றைக்கே போயிருக்கும்.

அதற்குப் பிறகு நீங்கள் பெட்டி கட்டியதை அப்படியே எழுதி வைக்கிறோம். அடுத்த மழைக்கு மற்ற குப்பங்களுக்கும் உதவும்.

முதலில், டேங்கிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் பாரை வேண்டாம் என்று ஒதுக்கினீர்கள். "கையில ஒட்டுற ஐஸ் ஆகாது, வழுக்குற ஐஸ்தான் வேணும்" என்றீர்கள். காரணம் பிறகு புரிந்தது. புதுப் பார் சுழியத்துக்குக் கீழே பல டிகிரி குளிரில் இருக்கும்; தொட்டால் விரலைப் பிடித்துக்கொள்ளும். வெளியே கிடந்து மேல்பக்கம் தண்ணீர் விட ஆரம்பித்த ஐஸ் சுழியம் டிகிரியில் நிற்கும், அதற்குக் கீழே இறங்காது. வீட்டு ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பொட்டலத்துக்கும் இதே கணக்குத்தான். எடுத்தவுடன் குப்பியோடு வைக்கக் கூடாது. வெளியே போட்டு, மேலே வியர்த்து, அமுக்கினால் உள்ளே இளகியது தெரிகிற வரை காத்திருக்க வேண்டும். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் வைக்கும்போது செவிலியர்கள் குலுக்கிப் பார்த்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்குகிறார்கள்.

அடுத்தது உப்பு. மீன் வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியை நல்ல தண்ணீரில் ரெண்டு தடவை அலசச் சொன்னீர்கள். உப்புப் பட்ட ஐஸ் சுழியத்துக்கும் கீழே போகும். மீனுக்கு அது லாபம், இன்சுலினுக்கு நஷ்டம். கடல் தண்ணீரில் பெட்டி கழுவுகிற பழக்கம் நம் கரையில் எல்லாருக்கும் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

பிறகு அடுக்கு. அடியில் உடைத்த ஐஸ் நான்கு விரற்கடை உயரம். அதன்மேல் கனமான பாலிதீன் தாள், ஓரம் மேலே ஏறி நிற்கிற மாதிரி. அதன்மேல் காய்ந்த சாக்கு, மடித்தது. சாக்கின் மேல் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் குப்பிகள், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் பொட்டலம், பேர் எழுதியது. டப்பா பெட்டியின் சுவரில் சாயக் கூடாது, சுற்றி ஒரு விரல் இடைவெளி. பெட்டியின் அடிமூலையில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை, பெட்டியை அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தது. மூடியைச் சுற்றி டேப். ஐஸ் மாற்றுவது காலையும் சாயங்காலமும் மட்டும். நடுவில் யார் வந்து கேட்டாலும் திறப்பதில்லை. அந்தக் கண்டிப்புக்காகவே தனியாக ஒரு நன்றி.

ஒரு பிள்ளையின் அம்மா வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து டப்பாவுக்குள் போட்டார். குப்பிகளை வைப்பதற்கு முன்னால் வெறும் டப்பாவை அரை மணி நேரம் மூடி வைத்துப் பார்க்க வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் நின்றால் சரி. 2க்குக் கீழே போனால் சாக்கில் இன்னொரு மடிப்பு. 8க்கு மேலே ஏறினால் ஒரு மடிப்பைக் குறைக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஊகத்தில் ஐஸைக் கூட்டக் கூடாது. கொஞ்சம் சூடு கூடினால் இன்சுலினின் ஆயுள் குறையும், அவ்வளவுதான். உறைந்தால் அதோடு முடிந்தது.

காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "படகே போகலை, இந்த ஐஸ யாரு வாங்கப் போறா, கரைஞ்சுதான போகுது" என்றீர்கள். கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை இருக்கிற நாளில் ஐஸ் கம்பெனிக்கு வரும்படி கிடையாது என்பது இந்தக் கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாளில் சும்மா கொடுத்தீர்கள்.

அந்த நாட்களில் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்ட சந்தேகங்கள் நிறைய. பதில் தெரிந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பயத்தில் நல்ல மருந்தையே கொட்டியவர்கள் இருக்கிறார்கள். ரெண்டு நாள் கரண்ட் இல்லை என்பதற்காக இன்சுலினை எறிய வேண்டாம். இப்போது போட்டுக்கொண்டிருக்கிற குப்பிக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை. 30 டிகிரிக்கு மேல் போகாத, வெயில் படாத இடத்தில் 28 நாள் வரை பெரும்பாலான ரகங்கள் தாங்கும். சிலவற்றுக்கு ஆறு வாரம் வரை கணக்கு உண்டு. அட்டைக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். மழை நாளில் நம் வீடுகளில் பெரும்பாலும் அந்தச் சூடு வராது. திறக்காத குப்பியும் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்துவிட்டால் அன்றைய தேதியை அதன்மேல் எழுதி, இதே கணக்கில் தீர்த்துவிட வேண்டும். ஐஸ் பெட்டி அவசியப்பட்டது, வருகிற மாதங்களுக்கு என்று வாங்கி வைத்த இருப்புக்குத்தான்.

ஒரு பானைக்குள் இன்னொன்றை வைத்து நடுவில் ஈர மணல் போடும் இரட்டைப் பானை முறை ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்றும் சிலர் கேட்டார்கள். பானை குளிர்வது தண்ணீர் ஆவியாவதால். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஆவியாக இடமில்லை. கோடையில் காற்று வறண்டிருக்கும் நாட்களில் அதே பானை நன்றாக வேலை செய்யும். இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது, ஐஸ் கம்பெனிகளிலும் வேலை சுருங்கிவிடும். வெக்கை உச்சத்தில் இருக்கும்போது ஐஸ் கிடைப்பது கஷ்டம். ஆக கோடைக்குப் பானை, மழைக்கு ஐஸ் பெட்டி.

மருந்துக்கடையில் நின்ற ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஐயாவை விட்டுவிட முடியாது. வெளியூரிலிருந்து உதவியாக வந்த இன்சுலினில் பாதிக்கு மேல் ஒரு மில்லிக்கு 100 யூனிட் ரகம், பேனாவில் போடும் சின்னக் குழாய்கள். நம்மில் பலர் கையில் இருந்தது ஆஸ்பத்திரியில் தரும், மில்லிக்கு 40 யூனிட் குப்பிக்கான சிவப்பு மூடி ஊசி. அந்தக் குழாயிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 10 அல்ல, 25 யூனிட். சர்க்கரை தாழ்ந்து ஆளே மயங்கிவிடும். தலைகீழாக, 40 யூனிட் மருந்தை 100 யூனிட் ரகத்துக்கான ஆரஞ்சு மூடி ஊசியில் 10 வரை இழுத்தால் போவது 4 யூனிட்தான். ஐயா ஒவ்வொரு அட்டையிலும் பேனாவால் பெரிதாக எழுதி, அதற்குரிய ஊசியை ரப்பர் பேண்டில் கட்டிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிமாருக்கு மூடியின் நிறத்தைக் காட்டிச் சொன்னார். ஊசி மாறிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் கணக்குப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். தெரிந்தவரைக் கேட்டு, சரியான ஊசியை வாங்கிப் போடுங்கள் என்பது அவர் வாக்கு.

கிராம சுகாதார செவிலியர் அக்காவும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை பார்க்கும் தங்கைகளும் முழங்கால் தண்ணீரில் வீடு வீடாக வந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: வாந்தி, காய்ச்சல், சாப்பாடு இல்லை என்பதற்காக முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவு மாறலாம், அதை டாக்டரிடம் கேட்க வேண்டும். நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும். வாந்தி நிற்காமல் மூச்சு ஆழமாக வாங்கினாலோ, வாயில் பழ வாசனை அடித்தாலோ, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத்தான், வீட்டு வைத்தியம் வேண்டாம். சர்க்கரை 70க்குக் கீழே போனால் 3 தேக்கரண்டி குளுக்கோஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். குளுக்கோஸ் இல்லாத வீட்டில் கருப்பட்டியை இடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். முழுத் துண்டை வாயில் போட்டுக் கடிக்கச் சொன்னால் நேரமாகும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சுகர் மிஷினுக்கு பேட்டரி தேடிக் கொடுத்த மளிகைக் கடைக்காரர், பள்ளிவாசல் ஜெனரேட்டரில் எல்லார் போனுக்கும் சார்ஜ் போட்டுத் தந்த வாலிபர்கள், சர்ச் வராண்டாவில் கஞ்சி காய்ச்சியவர்கள், டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர்களை டிராக்டரில் ஏற்றி ரோடு வரை கொண்டுவிட்ட படகு முதலாளி சம்மாட்டி, கடன் நோட்டில் எழுதாமலே மருந்து கொடுத்த கடை, மதுரையிலிருந்து பஸ் டிரைவர் கையில் பார்சல் கொடுத்தனுப்பிய சொந்தங்கள், 108 ஆம்புலன்ஸ் ஆட்கள். பேர் பேராகச் சொன்னால் ஒருவர் விட்டுப்போகும், மனவருத்தம் வரும். எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதி எடுத்திருக்கிறோம். ஐப்பசி பிறக்கும் முன்னாலேயே ஒவ்வொரு குப்பத்திலும் உப்பில்லாமல் கழுவிய ஒரு தெர்மாகோல் பெட்டி, தாள், சாக்கு, டப்பா, டேப், வேலை செய்கிற தெர்மாமீட்டர், இதெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். யார் வீட்டில் எந்த ரகம், 40ஆ 100ஆ, எத்தனை குப்பி என்ற ஒரு தாள் அந்தப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்க வேண்டும். தெர்மாமீட்டர் வாங்க முடியாத குப்பத்துக்கு நாங்கள் காசு பிரித்து வாங்கித் தருகிறோம்.

பெட்டி கட்டுவதை எல்லாருக்கும் ஒரு நாள் செய்து காட்ட அண்ணனும் ஒத்துக்கொண்டிருக்கிறார். படகுகள் கடலுக்குப் போய், ஐஸ் வேலை கொஞ்சம் ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி வாசலிலேயே. இன்சுலின் கொண்டுவர வேண்டாம். காலிக் குப்பியும் ஒரு டப்பாவும் போதும்.