விடுப்புக் கடிதம் கேட்காத சாருக்கும் நம் வகுப்புக்கும்

அன்புள்ள நண்பர்களே, எங்களை வளர்த்த ஆசிரியர்களே,

அம்மா நேற்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும், கூடவே இருந்தவர்கள் நீங்கள்தானே. அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனசு வரவில்லை.

இரத்தம் கொடுத்தவர்கள், மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள், என் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் தூங்கவைத்தவர்கள், "கேட்காதே, அனுப்பிட்டேன்" என்று பணம் போட்டவர்கள், தினமும் ஒரு வரியாவது எழுதிய தமிழ் டீச்சர்... உங்கள் எல்லோரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஒன்றை மட்டும் இங்கேயே விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த மோசமான இரவில் நம் கடைசி பெஞ்ச் மிமிக்ரி மன்னன் ஒரு ஒலிப்பதிவு அனுப்பினான். "ஹெட்போன் போட்டுக்கிட்டு இப்பவே கேளு" என்று ஒரு வரி. கேட்டால், இயற்பியல் சார் குரல்! இவன் வேலைதான் என்று நினைத்தேன். சார் படியேறும்போதே அவர் குரலில் "சைலன்ஸ்!" போட்டு வகுப்பை அடக்கியவன் ஆயிற்றே. ஆனால் அடுத்து ஒரு செருமல் வந்தது. அந்தச் செருமலை மட்டும் இவனால் ஒருநாளும் கொண்டுவர முடிந்ததில்லை. சாரேதான்.

சார் வருகைப்பதிவு எடுக்க ஆரம்பித்தார். பதினோராம் வகுப்பு வரிசை மாறாமல் ஒவ்வொரு பேராக. இத்தனை வருடம் கழித்தும் எப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறாரோ! எங்கெங்கோ இருக்கிற நீங்கள் எல்லோரும் ஒரே அழைப்பில் சேர்ந்து "உள்ளேன் ஐயா" சொல்கிறீர்கள். நடுவில் ஒருத்தி பதில் சொல்லாமல் போக, மிமிக்ரிக்காரன் பெண் குரலில் "உள்ளேன் ஐயா" என்றான். "ஒரே தொண்டைக்குள்ள எத்தனை பேர்டா இருக்கீங்க?" என்று சார் கேட்டதும் நான் அந்த வராந்தாவில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அப்புறம் ஒரு பேருக்குப் பதிலாக, "முப்பத்தொன்பது புள்ளி இரண்டு!" என்று கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா!"

நூலில் தொங்கும் குண்டை ஆடவிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் தனி ஊசல் சோதனை நினைவிருக்கிறதா? குண்டு போய்த் திரும்பி வந்தால்தான் ஓர் அலைவு. நம் ஆள் போனதை ஒன்று, வந்ததை ஒன்று என்று எண்ணிவிட்டான், அதுவும் ஊசலோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டே. அலைவு நேரம் பாதியானது. சூத்திரத்தில் அது வர்க்கமாகிக் கீழே வருவதால் விடை நான்கு மடங்கானது. 9.8 வர வேண்டிய இடத்தில் 39.2. "வியாழனிலேயே இருபத்தஞ்சுதான் தம்பி, நீ எந்தக் கிரகத்துல நின்னு எண்ணினே?" என்றார் சார். ஆய்வகமே குலுங்கியது. ஆனால் அதோடு விடவில்லை அவர். "சரியா நாலு மடங்கு வந்திருக்கு பாருங்க. தப்பு எங்கேன்னு விடையே சொல்லுது" என்று எங்களையே கண்டுபிடிக்க வைத்தார். 9.8 வருவதற்காக எண்களைத் தட்டிக்கொட்டாமல், வந்ததை வந்தபடி எழுதினான் என்று அவனைப் பாராட்டவும் செய்தார். எனக்குத் தெரிந்து அவரைப் போல் கற்றுக்கொடுத்தவர் இல்லை.

கடைசியில் என் பேர் வந்தது. ஒரு நொடி நிறுத்தினார்.

விடுப்புக் கடிதம் இல்லாமல் யாரையும் வகுப்புக்குள் விடாத மனிதர் அவர் என்பது உங்களுக்குத் தெரியும். காய்ச்சலோடு வந்து வாசலில் நின்றாலும் "அப்பா கையெழுத்து எங்கே?" என்பார். அவர் சொன்னார்: "விடுப்பு. கடிதம் இப்போ வேண்டாம். அம்மா எழுந்து உட்கார்ந்ததும் அவங்க கையால கையெழுத்து வாங்கிட்டு வா, போதும்."

எத்தனையோ பேர் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னார்கள், அன்போடுதான் சொன்னார்கள். சார் மட்டும் அம்மா எழுந்து உட்காருவதை, பேனா பிடிப்பதை, நான் கிளம்பிப் போவதையெல்லாம் முடிவான காரியம்போல் பேசினார். விடிகிறவரைக்கும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி நம்மில் யாருக்கு ஒரு கஷ்டம் என்றாலும், கூப்பிடட்டும் என்று நான் காத்திருக்க மாட்டேன். அன்றைக்கு ராத்திரியே வந்து நிற்பேன்.

சார், கடிதம் தயார். ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன். முதல் கையெழுத்து கோணலாகிவிட்டது என்று அம்மா கீழே இன்னொன்று போட்டிருக்கிறார். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் மாணவி