செயலாளரின் ஆண்டறிக்கை 2024: நுவரெலியா பழைய தபாலகப் பணியும் பிறவும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர்களே, இன்று நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே,

தைப்பொங்கல் ஒன்றுகூடல், மாணவர் கட்டுரைப் போட்டி, இரத்ததான முகாம் ஆகியன வழமைபோல் நடந்தன. ஏப்ரலில் வசந்தகாலப் பயணிகள் நகரை நிறைத்துவிட்டதால் அம்மாத நிர்வாக சபைக் கூட்டம் நடைபெறவில்லை. வேறு சில கூட்டங்கள் போதிய வருகையின்றி ஒத்திவைக்கப்பட்டன.

ஆண்டின் பெரும்பகுதி பழைய தபாலகக் கட்டடம் பற்றிய குறிப்பேட்டுக்கே போயிற்று. “மன்றம் தபாற் கந்தோர் சங்கமாகிவிட்டதா?” என்று சில உறுப்பினர்கள் வெளியே பேசிக்கொண்டதாக அறிகிறேன். கூட்டத்துக்கு வந்து கேட்டிருந்தால் பதில் அங்கேயே கிடைத்திருக்கும். வராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

செங்கற் சுவரும் மணிக்கூட்டுக் கோபுரமுமாக நிற்கும் இந்த இரண்டு மாடி டியூடர் பாணிக் கட்டடம் 1894இல் எழுந்தது. இத்தனை சிறிய ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய தபாலகம் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது; அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. ரயில் 1885இல் நானுஓயாவுக்கு வந்தது, 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. வெயில் காலத்தில் கொழும்புத் துரைமார் குடும்பத்தோடு இங்கே ஏறி வந்துவிடுவார்கள். அவர்களுடைய கடிதம், தோட்டக் கந்தோர்களின் கடிதம், தோட்டத்தார் இந்தியாவுக்கு அனுப்பிய காசுக்கட்டளை எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல கருமபீடம் தேவைப்பட்டது. பிரதான ரயில் பாதை நகருக்குள் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நானுஓயாவில் இறங்கிய பைகள் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் ஏற்றப் பாதையில் வந்தன. 762 மில்லிமீற்றர் அகலமுள்ள சிறிய ரயில் பாதை 1903இல்தான் நகரைத் தொட்டது, மறு ஆண்டு இராகலை வரை போயிற்று, 1940களில் மூடப்பட்டது. தபாலகமோ இன்றும் தபாலகமாகவே இயங்குகிறது.

குறிப்பேட்டில் செவிவழிச் செய்தி எதுவும் சேர்க்கப்படவில்லை. ஒரு பழைய தபாலகத்தின் வயதை அறிய முதலில் புரட்ட வேண்டியவை, கொழும்பு தேசிய சுவடிகள் கூடத்தில் உள்ள ஆண்டுதோறுமான நிர்வாக அறிக்கைகள். தபால் மாஅதிபரின் அறிக்கையோடு பொது வேலைத் திணைக்களப் பணிப்பாளரின் அறிக்கையையும் பார்க்க வேண்டும். கட்டியவர் பணிப்பாளர், குடியேறியவர் தபால் மாஅதிபர். இரண்டிலும் ஆண்டு ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. அடுத்து வருவது தபாற்பெட்டி. அதில் பொறித்த அரச எழுத்து ‘வீ.ஆர்.’ என்றால் விக்டோரியா, அதாவது 1901 ஜனவரிக்கு முன். வெறும் ‘ஜீ.ஆர்.’ என்றால் ஐந்தாம் ஜோர்ஜ். நடுவில் ரோம எண் ஆறு இருந்தால் ஆறாம் ஜோர்ஜ். ஆனால் பெட்டியைக் கழற்றி எங்கும் கொண்டுபோகலாம். பெட்டியின் வயதைச் சுவருக்குச் சூட்டக்கூடாது. இதைச் சொல்லியும், போட்டிக் கட்டுரைகளில் பாதி பெட்டியை வைத்தே ஆண்டைத் தீர்மானித்திருந்தன.

பராமரிப்புப் பகுதியை நீளமாக எழுதினேன், காரணத்தோடுதான். இவ்வூரில் பழைய செங்கற் கட்டடத்தைக் கெடுப்பவை மூன்று: அடைத்த கூரைப் பீலி, சீமெந்துப் பூச்சு, வசந்தகாலத்துக்கு அவசரமாக அடிக்கும் பெயின்ற். அந்தக் காலச் சுவரில் கற்களுக்கிடையே இருப்பது சுண்ணாம்புச் சாந்து. சுவர் குடித்த ஈரம் அந்தச் சாந்து வழியாகவே வெளியேறும். உதிர்ந்த இடத்தில் சீமெந்தை அப்பினால் வழி அடைபடுகிறது. ஈரம் கல்லின் வழியே வர, உப்புப் பூத்து, கல்லின் முகம் செதில் செதிலாகக் கழன்று விழும். சில ஆண்டுகளில் சீமெந்துக் கோடு அப்படியே துருத்தி நிற்கும், கல் உள்ளே போயிருக்கும். நமது பழைய கடைத்தெருச் சுவர்களில் யாரும் விரல் வைத்துப் பார்க்கலாம். செங்கல்மேல் பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தாலும் இதே கதைதான்.

திருத்தும் முறை இது. உதிர்ந்த சாந்தை உளியும் சிறு சுத்தியலும் கொண்டு, இடைவெளியின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, ஏறக்குறைய 20 முதல் 25 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும். மின் வெட்டி ஆகாது, கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். தூசியைத் துடைத்து நன்றாக நனைக்கவும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய சொரசொரப்பான ஆற்று மணல். கடல் மணல் கூடவே கூடாது. சாந்து இறுக்கமாக இருக்க வேண்டும், வழியக்கூடாது. உள்ளே அழுத்தி, பெருவிரல் பதியாத அளவுக்கு இறுகியதும் கட்டைத் தூரிகையால் தட்டிவிட்டு, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது காயவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

எப்போது செய்வது என்பதே நுவரெலியாவில் பெரிய சிக்கல். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி விழும். 5 பாகை செல்சியசுக்குக் கீழே சுண்ணாம்பு இறுகாது. ஏப்ரலில் சாரம் கட்ட எவரும் விடமாட்டார்கள். மேயில் தென்மேல் பருவமழை. எஞ்சுவது மார்ச் ஒன்றுதான். பீலிகளை மட்டும் ஆண்டுக்கு இரு தடவை, மே மழைக்கு முன்னும் ஒக்டோபர் மழைக்கு முன்னும், சுத்தம் செய்தாக வேண்டும். பாசியும் ஊசியிலையும் கீழிறங்கும் குழாயின் வாயில் சேர்ந்தால் தண்ணீர் பின்பக்கமாகச் சுவருக்குள் இறங்கும். அதற்கு அடியிலுள்ள மரச்சட்டத்தின் நுனி முதலில் உக்கும். மெல்லிய திருப்புளியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2023 நவம்பரில் இக்கட்டடத்தைச் சுற்றுலா விடுதிக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தபால் ஊழியர்கள் நாடு முழுவதும் பணிப்புறக்கணிப்புச் செய்தது யாவரும் அறிந்ததே. அப்போது நமது உறுப்பினர் பலர் முகநூலில் மிகவும் கொதித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அதற்குப் பின் அந்தக் கருமபீடத்தில் ஒரு முத்திரை வாங்கினார்கள் என்று கேட்பது செயலாளரின் வேலையல்ல. தோட்டத்து முகவரிகளைப் பிரிவு, லய (தொழிலாளர் வரிசை வீடு) இலக்கம் சேர்த்துச் சரியாக எழுதிக்கொடுக்கும் பணிக்குப் பெயர் தந்தவர்களும் வரவில்லை. லயத்து வீட்டுக்குரிய கடிதம் தோட்டக் கந்தோர் மேசையிலேயே கிடக்கும் குறை நெடுங்காலமாகத் தொடர்வது, இங்கே தெரியாதவர் யார்?

கணக்கு விபரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரவு செலவை ஓரளவு தாங்கியது என்று மட்டும் சொல்லலாம். பிரதி எடுத்தல், கொழும்புப் பயணம், அச்சுச் செலவு ஆகியன எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். சந்தா நிலுவை அதைவிட அதிகம். சிலருடைய நிலுவை கடந்த ஆண்டுக்கும் முந்தியது. பெயர்களை வாசிக்க வேண்டாமெனத் தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

தலைவர், பொருளாளர், உள்ளகக் கணக்காய்வாளர், மண்டபம் தந்த பாடசாலை அதிபர், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணி ஆகியோருக்கு நன்றி.

அடுத்த ஆண்டு குறிப்பேட்டைச் சிங்களத்திலும் கொண்டுவர எண்ணம். நிதி இருந்தால் நடக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் குறைந்து வருகிறார்கள். எவரையாவது தெரிந்தால் பெப்ரவரிக்குள் அறியத்தாருங்கள், பயிற்சி நாளுக்கு அழைக்கலாம். செயலாளர் பதவிக்குப் புதியவர் எவரும் முன்வந்தால் கோப்புகளை ஒழுங்காகக் கையளிக்கத் தயாராக உள்ளேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே இருக்கிறார். தேநீர் அதற்கு அப்பால் வைக்கப்பட்டிருக்கிறது.