உலகக் கிண்ண இரவுகளும் மதுபானசாலை நேர நீடிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2026 ஜூன் 11ஆம் திகதி ஆரம்பமாகும் உலகக் கிண்ண உதைபந்தாட்டத் தொடரை முன்னிட்டு, இலங்கையின் மலையக நகரங்களில் உள்ள மதுபானசாலைகளை இரவில் கூடுதல் நேரம் திறந்துவைக்க அனுமதிக்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் அடிபடுகிறது. இங்கிலாந்தில் அனுமதிக்கிறார்களே என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். அது எங்கள் ஊருக்குப் பொருந்தாது என்பதை உங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதியில் இங்கிலாந்து ஆடியபோதும் பின்னர் இறுதியாட்டத்தின்போதும், அந்நாட்டின் ‘பப்’கள் வழமையான 11 மணிக்குப் பதிலாக அதிகாலை 1 மணிவரை திறந்திருக்க அனுமதிக்கப்பட்டன. அங்கே அந்த ஆட்டங்கள் இரவு 8 மணிக்குத் தொடங்கின. மேலதிக நேரமும் பெனால்டியும் சேர்ந்தால் 11 மணியை நெருங்கிவிடும் என்பதால், கூடியிருந்து பார்ப்பவர்களை முடிவு தெரியும் தறுவாயில் எழுப்பி அனுப்பாதிருக்க இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். அதில் குறைகாண எனக்கு எதுவுமில்லை.

எங்கள் கணக்கு வேறு. இம்முறை தொடர் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் நடைபெறுகிறது. மெக்சிகோ நகரில் பகலில் ஆடப்படும் முதலாவது ஆட்டம் எங்களுக்கு நள்ளிரவு 12.30. நியூ ஜேர்சியில் ஜூலை 19ஆம் திகதி பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் இறுதியாட்டமும் அவ்வாறே, எங்கள் நேரப்படி திங்கட்கிழமை அதிகாலை 12.30. அது முடிய இரண்டரை மணியாகும்; மேலதிக நேரத்துக்குப் போனால் மூன்றையும் தாண்டும். ஆகவே இங்கே கேட்கப்படுவது இரண்டு மணித்தியால நீடிப்பல்ல, விடிய விடியத் திறந்துவைக்கும் அனுமதியாகும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை போன்ற நகரங்களில் தோட்டத் தொழிலாளர் போகும் மதுபானக் கடை எப்படியிருக்கும் என்று அறியாதவர்களே ‘பப்’ என்ற சொல்லை இதில் கொண்டுவருகிறார்கள். முன்னால் கம்பி வலை. அதில் கை நுழையுமளவு ஒரு துவாரம். காசை நீட்டினால் போத்தல் வரும். உட்காரக் கதிரை கிடையாது, பார்க்கத் தொலைக்காட்சியும் கிடையாது. ஆட்டம் பார்க்க வழியில்லாத கடையை ஆட்டத்தின் பெயரால் திறந்துவைப்பது எந்த வகையில் நியாயம்? உல்லாசப் பயணிகள் தங்கும் நுவரெலியா ஹோட்டல்களின் தேவையை அவற்றின் அனுமதிப்பத்திரத்தோடு தனியாகப் பேசிக்கொள்ளலாம்; அதைக் காட்டி இந்தக் கம்பி வலைக் கடைகளுக்கும் கதவு திறக்க வேண்டியதில்லை.

ஜூன், ஜூலை எங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழைக் காலம். கடைசி பஸ் போன பிறகு, பனிமூட்டத்தில் நான்கைந்து மைல் தேயிலைமலைப் பாதையில் நடந்துதான் லயத்துக்கு, அதாவது தோட்ட வரிசைக் குடியிருப்புக்கு, வர வேண்டும். பல வருடங்களுக்கு முன்னர் எங்கள் லயத்தைச் சேர்ந்த ஒருவர் சம்பள நாளன்று அப்படி வரும்போது வடிகானுக்குள் விழுந்து கிடந்தார். காலையில் கொழுந்தெடுக்கப் போன பெண்கள்தான் கண்டு தூக்கினார்கள். உயிர் தப்பினார், ஆனால் அந்தக் கால் பிறகு மலையேறவில்லை. அவருடைய மகள் என் வகுப்பில் படித்தவள். அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டாள்.

நாட்சம்பளம் இவ்வருடந்தான் 1,750 ரூபாவாகியிருக்கிறது. அதில் 200 ரூபா வேலைக்கு வந்தால் மட்டும் கிடைக்கும் கொடுப்பனவு. ஆட்டத்துக்காகக் கண்விழித்தவன் சிவந்த கண்ணோடாவது காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போவான். இரவெல்லாம் குடித்தவனுக்கு அன்றைய பேர், அதாவது அந்நாள் சம்பளம், போய்விடும், குடித்த காசும் போயிருக்கும்.

உதைபந்தாட்டத்தின்மீது எனக்கு வெறுப்பு இருப்பதாக யாரும் எண்ண வேண்டாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்திலுள்ள சரிவான துண்டு நிலத்தில் வெறுங்காலோடு பந்தை உதைத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் முப்பது வருடம் கற்பித்தவன். 2022 டிசம்பர் 18ஆம் திகதி இரவு, ஆர்ஜென்டினாவும் பிரான்சும் மூன்றுக்கு மூன்று எனச் சமநிலையில் நின்று பெனால்டிக்குப் போனபோது, எங்கள் லயத்தில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்து நாற்பது பேர்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பளிக்குள் சுருண்ட கிழவர்களும் தாயின் மடியில் பிள்ளைகளும் இருந்தார்கள். கேத்தலில் சாயத்தேநீர் வந்துகொண்டேயிருந்தது. ஒருவர்கூடக் குடித்திருக்கவில்லை, பெண்கள் ஒருவரும் பயந்து உள்ளே போகவுமில்லை. இவ்வாட்டங்களை ஆவலோடு பார்ப்பவர்களில் பலர், சட்டப்படி மதுபானம் வாங்க முடியாத 21 வயதுக்குட்பட்டவர்கள் என்பதையும் நினைவூட்ட வேண்டும்.

எனவே மதுவரித் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் இந்த நேர நீடிப்புக்கு இடமளிக்கக் கூடாது எனக் கேட்டுக்கொள்கிறேன். தோட்ட நிர்வாகங்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் சிறியது. சனசமூக நிலையம் உள்ள தோட்டங்களில் முக்கிய ஆட்டங்கள் நடைபெறும் இரவுகளில் அதன் திறப்பை (சாவியை) இளைஞர்களிடம் கொடுங்கள். காலையில் கூட்டித் துப்புரவாக்கி, பிரட்டுக்கு முன்னரே திருப்பிக் கொடுக்க அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
மஸ்கெலியா.